கியாசுதீன் பாய் பார்த்த காத்து

"எச்சில முழுங்கு. டக்குனு ஒண்ணு கேட்டுதா?"

இதைக் கேட்காமல் கியாசுதீன் பாய் யாரையும் எக்ஸ்ரே மேஜையில் படுக்க வைக்க மாட்டார். செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் உள்ள எக்ஸ்ரே கூடத்தில் பதினாறு வருஷமாக இதுதான் நடைமுறை. முழங்கால் வீங்கி வந்தவனும் முழுங்கித்தான் ஆக வேண்டும். கேட்டது என்றால் பாய்க்கு வாயெல்லாம் பல். "அது கதவு. மூக்காண்டலேர்ந்து காதுக்குள்ள காத்து போற கதவு."

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு பிறக்கும்போது ஒற்றை அறைதானாம். வளர வளர உள்ளே நூறு அறை எழும்புமாம். அறைக்குள் இருக்கும் காற்றை ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட, முழுங்கும்போதெல்லாம் கதவு திறந்து புதுக்காற்று வருமாம். சின்ன வயதிலேயே காதில் சீழ் பிடித்தால் கட்டட வேலை அத்தோடு சரி. "மேஸ்திரி ஓடிட்டான்" என்பார். கல்லைக் குடைந்த அறைகளைப் பார்க்க மாமல்லபுரம் வரை போவானேன், காதை மடித்து ஒரு படம் எடுத்தால் போதாதா என்பது அவர் கட்சி. மரியாதையையும் இந்தக் கணக்கில்தான் கொடுப்பார். தாசில்தாருக்கு மூன்றே அறை, மீன் விற்கும் சாராளுக்கோ மஹால் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார்.

தன் இடது காதைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார். சிறுவயதில் ஆறு வருஷம் ஒழுகி, செவிடாகிப்போன காது அது. பதருன்னிசாவுக்கு மட்டும் தெரியும், கட்டிய மனைவியிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? மற்றவர்கள் இடப்பக்கமிருந்து எதைக் கேட்டாலும், "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிடுவார். இன்னொரு தரம் கேட்பது கௌரவக் குறைச்சல்.

அந்தத் தலையாட்டல்தான் எழுபத்திநாலில் ஒரு கல்யாணத்துக்கு உலை வைத்தது.

செங்கல்வராயன் தன் மகள் வசந்தாவை அழைத்து வந்திருந்தார். கருங்குழியில் சம்பந்தம், பூ வைத்தாகிவிட்டது. பெண்ணின் காதில் பஞ்சைப் பார்த்துவிட்ட மாப்பிள்ளையின் அத்தை, வேண்டா என்பவள், பழைய சீழா புது ஜலதோஷமா என்று தெரிந்தே ஆக வேண்டும் எனக் கூடவே வந்துவிட்டாள். ஈரம் சொட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்த பாய் குதிக்காத குறை. "ரெண்டு பக்கமும் காத்து கீது. கருப்பா தெரியுது பாரு!"

படத்தில் எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு. இது பாய்க்குத் தெரியும், வேண்டாவுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்த காத்து கருப்பு வேறு, வேப்பிலை அடித்து ஓட்டுவது. பாயின் இடப்பக்கம் ஒண்டி, "காத்து கருப்பா பாய்?" என்று நடுங்கிக் கேட்டாள்.

"ஆமா, ஆமா."

மூன்றாம் நாள் செங்கல்வராயன் வந்து நின்றார். "பூ வெச்ச பொண்ண வேணாண்ட்டாங்க, பாய். பேய் புடிச்சவளாம்னு ஊரே பேசிக்கினு கீது. நீதான் தலையாட்டுனியாம்." மனுஷன் அழுதுவிட்டார்.

பாய் கூடத்தைப் பூட்டினார். வசந்தாவின் படத்தோடு, மேஜைக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியிலிருந்து தன் பழைய படம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு செங்கல்வராயனோடு கருங்குழிக்குப் பஸ் ஏறினார்.

மாப்பிள்ளை வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு வெளியே வெயிலில் வேண்டாவை நிறுத்தி, "முழுங்குக்கா" என்றார். முறைத்துக்கொண்டே முழுங்கினாள். கேட்டதாக ஒப்புக்கொண்டாள்.

"அப்போ உனக்கும் காத்து கீது. எல்லாருக்கும் இருக்கணும். அந்தக் காத்துதான் படத்துல கருப்பு." வசந்தாவின் படத்தைத் தூக்கிக் காட்டினார், தேன்கூடு மாதிரி கறுப்புக் கறுப்பாய் அறைகள். பிறகு தன் படம். சுண்ணாம்பு பூசிய சுவர்போல ஒரே வெள்ளை. "காத்து இல்லாதவன் இங்க நான் ஒருத்தன்தான். இது என் எடது காது. நீ அன்னிக்கி கேட்டது எனக்குக் கேக்கவே இல்லக்கா. கேக்காமயே தலையாட்டிட்டேன்."

வேண்டா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊரைக் கூட்டும் தொண்டைக்காரி, அன்றைக்கென்று பாயின் இடது தோளருகே வந்து குரலைத் தணித்தாள்: "தை பொறக்கட்டும். பண்ணிடலாம்."

செங்கல்வராயன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாய் கண்டது அவள் உதடு அசைந்ததை மட்டும்தான். தலை பழக்கதோஷத்தில் ஆடப்போனது. பிடித்து நிறுத்தினார். உள்ளங்கையால் வலது காதை முன்னால் மடித்து அவளிடம் குனிந்தார்.

"இந்தப் பக்கம் வந்து இன்னொரு வாட்டி சொல்லுக்கா."