கூவினால் திக்காது

புதுக்கோட்டைக்கும் கீரனூருக்கும் நடுவே ஓடுகிற ஒரு பிரைவேட் பஸ்ஸில் என்னைக் கண்டக்டராகச் சேர்த்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எனக்குத் திக்குவாய். என் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு டீயைக் குடித்து முடித்துவிடலாம். படிப்பும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" வெளியே வருவதற்குள் வாத்தியார் ஆப்சென்ட் போட்டுவிடுவார். சரி, அவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று நானும் போவதை நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்டவனை நாள் முழுக்கக் கத்துகிற வேலைக்கு எடுக்கிறார்கள் என்றால் ஏதோ உள்குத்து இருக்கத்தானே வேண்டும்?

டிரைவர் அண்ணன் விளக்கம் சொன்னார். "சம்பளம் கூட்டிக் கேக்கணும்னு நீ வாயத் தொறப்பே. அது முடியுறதுக்குள்ள மொதலாளி கார்ல ஏறிப் போயிருவாரு. அதான்டா விசயம்."

வீட்டில் ஆத்தா மகனுக்குக் கண்டக்டர் உத்தியோகம் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தது. வேலை போனால் அந்தத் தெரு மொத்தத்துக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுக்குச் சொல்லவே எனக்கு ஒரு பொழுது ஆகும்.

அதனால் எப்படியாவது ஒட்டிக்கொள்ளப் பார்த்தேன். விசில் திக்காது, அது பெரிய உதவி. எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்பதற்குப் பதில் புருவத்தைத் தூக்குவேன். இதைவிட ஒரு அதிசயம் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. ராகம் போட்டுக் கூவினால் எனக்குத் திக்கவே இல்லை. "திருக்கோகர்ணம் கீரனூர், திருக்கோகர்ணம் கீரனூர், ஏறுங்க ஏறுங்க" என்று தண்ணீர் மாதிரி ஓடியது. என் வாய்தானா இது என்று எனக்கே சந்தேகம்.

ஆனால் வினையும் அதிலேயே இருந்தது. ஒரு அம்மா வந்து, "ஏந்தம்பி, எப்ப எடுப்பீங்க?" என்றது. நான் "இ... இ... இ..." என்று நின்றேன்.

"இப்பத்தானே குயிலு மாரி கூவுனே? நான் கேட்டா மட்டும் வாய் ஒட்டிக்கிருதாக்கும்?" என்று முறைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டது.

போதாக்குறைக்கு டிரைவர் அண்ணன் இன்னொரு குண்டைப் போட்டார். "சூதானமா இரு. மொதலாளி பயணி மாதிரியே ஆள் ஏத்தி விட்டு வேவு பாப்பாரு. யாருன்னு எனக்கே தெரியாது."

அதோடு என் நிம்மதி போயிற்று. ஜன்னலோரம் தூங்குகிறவர் நிஜமாகத் தூங்குகிறாரா, பேப்பர் படிக்கிறவர் ஏன் பக்கத்தைத் திருப்பவில்லை என்று ஒவ்வொரு தலையாக மோப்பம் பிடித்தேன். ஒரு கைக்குழந்தை என்னையே உற்றுப் பார்த்தது. அதன் மேலும் ஒரு கண் வைத்தேன்.

டிக்கெட் கேட்காமல் விட்டது ரெண்டே பேரைத்தான். பஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டிரைவர் வீட்டு ஆட்கள் ஏறினால், டிரைவர் கண்ணாடி வழியே நம்மைப் பார்த்துத் தலையை ஒரு வெட்டு வெட்டுவார். கண்டக்டர் அங்கிட்டுத் திரும்பிக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய மச்சானும் மச்சான் பெண்டாட்டியும் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். அண்ணன் தலையை வெட்டினார். நான் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் உச்சக் குரலில் கூவிக்கொண்டிருக்கிறேன், பின்னால் முதலாளி நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. டிரைவர் அண்ணன் பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, இங்கிட்டு வா" என்றார் முதலாளி. போய் நின்றேன்.

"நேத்து முன் சீட்டுல ரெண்டு பேரு டிக்கெட் இல்லாம வந்தாகளாமே. யாரு அவுக?"

வாயைத் திறந்தேன். காற்றுகூட வரவில்லை.

"இம்புட்டு நேரம் கணீர்னு கத்திக்கிட்டுதானே இருந்தே? நான் கேட்டதும் திக்குதா? யாருகிட்டடா நடிக்கிறே? காச வாங்கி முழுங்கிப்புட்டு, திக்குவாய் வேசமா? பையக் கழட்டு."

கூவுகிற ராகத்திலேயே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். 'டிரைவர் மச்சான், டிரைவர் மச்சான், டிக்கெட் இல்லை' என்று தடங்கலில்லாமல் வந்துவிடும். ஆனால் பஸ் ஸ்டாண்டே கேட்கும். அப்புறம் அந்த மனுஷனோடு எப்படி ஒரே வண்டியில் ஓடுவது? நான்தான் கேட்க மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லப் பார்த்தேன். பொய்யும் திக்கியது.

வார்த்தை முட்டிக்கொண்டால் என் கழுத்து இடது பக்கம் வெட்டி வெட்டி இழுக்கும். அதை நான் அடக்க முடியாது. இடது பக்கம்தான் டிரைவர் அண்ணன் நின்றார். கழுத்து இழுக்கிறது, கண் பிதுங்குகிறது, வார்த்தை இதோ வருகிறேன் என்று தொண்டையில் நிற்கிறது. முதலாளி என் கழுத்து போகிற திக்கைப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த துணி நின்றுவிட்டது.

"போதும்டா சாமி!" என்றார் அண்ணன். "மொதலாளி, அது என் மச்சானும் அவன் பொண்டாட்டியுந்தான். நாந்தான் கேக்காதேன்னேன்."

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவுக டிக்கெட்ட ஒன் சம்பளத்துல புடிச்சுக்குறேன்" என்றார் அவரிடம். என்னிடம், "பைய மாட்டு. ஆனா ஒன்னைய நான் இன்னும் நம்பல, பாத்துக்க."

வேலை தப்பித்தது. வண்டி கிளம்பி திருக்கோகர்ணம் தாண்டியது. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பிடித்தார். "டேய், நெசமாவே வரலையா? இல்ல என்னையக் காட்டிக் குடுக்கத்தான் கழுத்தத் திருப்புனியா?"

"நெ... நெ..." என்றேன். அவர் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நிஜமாகவே திக்கியதுதான். ஆனால் முதலாளி கூப்பிட்டபோது அவருக்கு இங்கிட்டும் அங்கிட்டும் நான் நிற்க இடம் இருந்தது. அண்ணன் இடது கைப் பக்கம் வருகிற மாதிரி ஏன் போய் நின்றேன் என்பதில் மட்டும் எனக்கு என் மேலேயே ஒரு சந்தேகம் உண்டு.