மணம் பார்க்காத மடைப்பள்ளி

அந்தக் காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டுவிட்டது. ஆனால் போகும்போது என் மூக்கின் மணத்தையும் நாக்கின் ருசியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. நாளும் நேரமும் கேட்டு, தெர்மின் எடுத்துப் போய்க் காட்டினேன். பொறுத்திருங்கள், வரலாம் என்றார் டாக்டர். ஒன்றரை வருடமாகப் பொறுத்திருந்தேன்.

வீட்டில் உப்பும் புளியும் பார்ப்பது என் கணவர். இத்தனை காலமும் என் கறிக்குக் குறை சொல்லப் பயந்த மனிதர், இப்போது கரண்டியை நீட்டினால் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொல்கிறார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இங்கே ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் அம்மன் கோயில் மடைப்பள்ளியில் அந்தக் கரைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சர்க்கரைப் புக்கை பொங்குவது என் பொறுப்பு. அம்மனுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது, மணந்தும் பார்க்கக் கூடாது. எல்லாம் கைக்கணக்குத்தான். அங்கே மூக்கு உள்ளவர்களும் நானும் ஒன்று. அதனால் கோயிலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் என் கையிலிருந்து அகப்பையை வாங்கிவிடுவார்களே என்று பயம்.

ஒரு வெள்ளி, பூசைக்குப் பத்து நிமிடம் இருந்தது. பானையை மூடிவிட்டு, பக்கத்திலேயே நின்று முந்திரிப் பருப்பை உடைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், என்னைவிடப் பத்து வயது இளையவள்.

"அக்கா, அடிப்பிடிச்சு மண்டபம் முழுக்க மணக்குது! உங்களுக்குத் தெரியேல்லையே?"

நான் விழித்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. பின்னாலேயே ஐயரும் வந்தார்.

"நான்தான் ஐயா அடுப்புச் சூட்டைக் கூட்டி விட்டனான்" என்று அவள் முந்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மன் வாசலில் எனக்காக ஒருத்தி பொய் சொல்வதா?

"இல்லை ஐயா. எனக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. ஒண்டரை வருசமாய் இப்பிடித்தான். நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ" என்று அகப்பையை வைத்துவிட்டேன்.

ஐயர் கரிந்த பானையை எட்டிப் பார்த்தார். "இப்ப பாலைக் காய்ச்சித் தாங்கோ. பூசையை நிப்பாட்ட ஏலாது" என்றார். அன்று அம்மனுக்குப் பாலும் வாழைப்பழமும்தான்.

அடுத்த வெள்ளி போவதில்லை என்றிருந்தேன். அவள் காரோடு வந்து வாசலில் நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ அக்கா. ஐயர் உங்களைத்தான் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

அன்று நான் பொங்கும்போது அவள் என்னோடு ஒட்டி நின்றாள். சர்க்கரை இளகியதும் பானைக்கு மேல் குனிந்து மூச்சை நன்றாக இழுத்தாள். எனக்குப் பதறிவிட்டது.

"எடியே, படைக்க முதல் மணந்து பாக்கிறதோ! பாவமடி."

"பாவமெண்டால் அது எனக்கு வரட்டும். நீங்கள் கிண்டுங்கோ. நெய் காணும், ஏலக்காய் காணாது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்க அந்த மின்சார அடுப்பில் புகையும் இல்லை. ஏலக்காய்த் தூளில் இன்னும் ஒரு கிள்ளு எடுத்துப் போட்டேன்.