செய்யுளில் படித்த நோய்

என் மூன்று வயது மகள் சோறு வேண்டாம் என்னும்போது, அது பிடிவாதமா நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்று பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைக்கும் பச்சை வாசனை வந்ததும், எங்கள் பாகூர் வீடு நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அக்கா சாப்பிடாமல் படுத்தே கிடந்தாள். செய்யுளில் நோய் என்றால் காதல் ஏக்கம் என்று அன்றுதான் வகுப்பில் படித்திருந்தேன்.

“அக்காவுக்குக் காதல் நோய்தாம்மா,” என்றேன் பெருமையாக.

“யாருடி அவன்?” என்று கத்தி, அம்மா அக்காவை அறையில் பூட்டினாள். நான்கு நாள் கழித்து, கண்கள் மஞ்சளான பிறகுதான் காமாலை என்று தெரிந்தது.

அதன்பின் வீடெங்கும் மருந்துக்கு அரைத்த கீழாநெல்லி வாசனைதான். அக்கா பிழைத்துக்கொண்டாள். “இன்னாடி, புஸ்தகம் இன்னா சொல்லுது?” என்று இன்றும் குத்துவாள். என் மேலேயே எரிச்சலாக வருகிறது. மகள் விஷயத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிள்ளை சாப்பிடாவிட்டால், நீங்கள் எத்தனை வேளை பொறுப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.