வில்லனுவேவாவும் என் வயிற்றெரிச்சலும்

வளைகுடாவில் ஒருவனுக்கு வேலை தெரியுமா என்று பார்ப்பதற்கு முன்னால், அவன் பெயர் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தக் கட்டங்களை நிரப்புவதுதான் என் உத்தியோகம். தொண்ணூறுகளின் நடுவில் துபாய் அல் கூஸில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் விசா, லேபர் கார்டு, கேட் பாஸ் எல்லாவற்றுக்கும் படிவம் டைப் அடிக்கிற கிளார்க் நான். எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரே ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஒரு இனிஷியலுமாகக் கடல் தாண்டிய தமிழ்ப் பெருமக்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

அப்பாவை அதட்டினார்கள்

பள்ளிச் சான்றிதழில் நான் பு.சி. முருகேசன். பு என்பது எங்கள் ஊர் புதூர். சி என்பது அப்பா சின்னசாமி. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த திருச்சி ஏஜென்ட், இரண்டு இனிஷியல் இருந்தால் இமிக்ரேஷனில் குடைவான் என்று சொல்லி, பு-வை அடித்துவிட்டு, சி-யை மட்டும் விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினார். துபாயில் இறங்கிய நாளிலிருந்து நான் மிஸ்டர் சின்னசாமி.

எங்கள் அம்மா ஒரு தடவைகூட அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிச் சொல்லச் சொல்வார். அந்தப் பெயரை இங்கே மேனேஜர் அதட்டினார், ஸ்டோர்கீப்பர் கத்தினார். ஒவ்வொரு தடவையும் அப்பாவே வந்து கைகட்டி நிற்கிற மாதிரி எனக்குக் கூசும். அது என் அப்பா பெயர், என் பெயர் முருகேசன் என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தேன். கம்பெனி வேன் ஓட்டுகிற கான் பாய் மட்டும்தான் நின்று, பொறுமையாகக் கேட்டு, தலையாட்டினார். “அச்சா, அச்சா. உன் பேரு முருகேசன், புரிஞ்சுது. யல்லா சின்னசாமி, வண்டில ஏறு!”

மூன்று கட்டமும் நிறைந்தவன்

அந்தச் சமயத்தில்தான் மணிலா பக்கத்திலிருந்து கட்டட வரைபடம் போடுகிற ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வந்து என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தான். நெஸ்டர் சாண்டோஸ் வில்லனுவேவா. நடுவில் இருப்பது அம்மா வீட்டுக் குடும்பப் பெயராம், அவர்கள் வழக்கம் அப்படி. அவன் விசா படிவத்தை அடித்தபோது முதல் கட்டம் நிறைந்தது, நடுக் கட்டம் நிறைந்தது, மூன்றாவது கட்டம் விளிம்பு வரை நிறைந்தது. என் படிவத்தில் நடுக் கட்டம் எப்போதும் காலி. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் நல்ல பையன். மதியம் அவன் கொண்டுவருகிற மீனில் பாதி எனக்குத்தான்.

மேனேஜர் எகிப்துக்காரர். வில்லனுவேவா என்ற பெயரை மிட்டாய் மாதிரி வாயில் போட்டு உருட்டி உருட்டிச் சொல்வார். முதல் நாளே அவனை நிற்க வைத்துச் சைட் இன்ஜினியர்களுக்கு அறிமுகம் செய்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பேரைக் கேட்டாலே தெரியுது, நல்ல பரம்பரை. சின்னசாமி, மிஸ்டர் வில்லனுவேவாவுக்கு ஒரு டீ சொல்லு.”

சபதம்

என் மனைவி செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். ஷார்ஜாவில் எங்கள் ஒற்றை பெட்ரூம் ஃபிளாட்டில் உட்கார்ந்து சபதம் போட்டேன். பிறக்கப்போகிற பிள்ளைக்காவது கட்டத்தில் கம்பீரமாக உட்காருகிற ஒரு குடும்பப் பெயர் வாங்கிக் கொடுத்தே தீருவேன். நாளைக்கு இந்தப் பிள்ளையை எவனாவது முருகேசன் என்று அழைத்து, என் அப்பாவுக்கு விழுந்த அதே அதட்டல் எனக்கும் விழக் கூடாது. வில்லனுவேவா மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆவேசமாகச் சொல்லி முடித்தேன். செல்வி காலை நீவிக்கொண்டே கேட்டாள். “பேருக்கா இவ்வளவு பொறாமைப்படறீங்க? அவருக்கு கம்பெனி கார் குடுத்திருக்காங்களே, அது உங்க கண்ணுல படலையா?”

எட்டுப் பேர் எழுந்தார்கள்

ஒரு நாள், தொழிலாளர்கள் தங்குகிற கேம்பில், இன்னொரு கிளார்க் அடித்து வைத்திருந்த கேட் பாஸ்களைக் கொடுக்கப் போனேன். வில்லனுவேவா என்று கூப்பிட்டேன். எட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். வெல்டர், பிளம்பர், சமையல்காரர், இரண்டு எலக்ட்ரீஷியன்கள் என்று ஒரு பட்டாளமே நின்றது. ஒருவருக்கொருவர் சொந்தமா என்றால் அதுவும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அபூர்வப் பெயர் என்று நினைத்தது எங்கள் பக்கத்துப் பழனிச்சாமி மாதிரி அல்லவா இருக்கிறது!

ஆபீஸுக்கு வந்து நெஸ்டரிடம் விசாரித்தேன். ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்தில் ஆளுக்கொரு குடும்பப் பெயர் வேண்டும் என்று கவர்னர் ஒரு பெரிய பட்டியல் தயாரித்து ஊர் ஊராக அனுப்பினாராம். அதிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளமாம். அவன் பூட்டனுக்கும் அப்படித்தான் வந்ததாக வீட்டில் சொல்வார்களாம். சரி, பட்டியலிலாவது இருந்ததே, எங்களுக்கு அதுவும் இல்லையே என்று எரிந்துகொண்டு, அர்த்தம் என்ன என்று கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். “அர்த்தமா? எங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதே, மை ஃபிரண்ட். பேர் கொடுத்தவன் அதைச் சொல்லித் தரலை.”

ஸ்பெயின்காரர் சொன்னது

கொஞ்ச நாளில் அசல் ஸ்பெயினிலிருந்தே ஓர் இன்ஜினியர் மிஷின் பூட்ட வந்தார். நெஸ்டரின் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அதற்கும் ஒரு மூச்சு பொறாமைப்பட்டுவிட்டு அர்த்தத்தைக் கேட்டேன். அது ஊர்ப் பெயராம். பழைய காலத்தில் புதிதாகக் குடியேறிய ஊர்களுக்கெல்லாம் அந்தப் பெயரைத்தான் வைத்தார்களாம். அங்கிருந்து வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவனை இன்ன ஊர்க்காரன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதுவே குடும்பப் பெயராகிவிட்டதாம். “புது ஊர், அவ்வளவுதான். எங்க நாட்டுல பஸ்ல தூங்கிட்டு எந்த ஸ்டாப்புல முழிச்சாலும் ஒரு வில்லனுவேவா இருக்கும்.”

ஏழாவது கட்டம்

புது ஊர். புதூர். இவ்வளவு நாள் எதைப் பார்த்து வெந்தேனோ அது என் பள்ளிச் சான்றிதழில் முதல் எழுத்தாக இருந்திருக்கிறது. அதை ஏஜென்ட் அடித்தபோது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் பொறாமைப்பட்டது, இனிஷியலைத் தொலைக்காத பழைய முருகேசன் மேல்.

பெண் பிறந்தாள். நிலா என்று பெயர் வைத்தோம். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் புதூர் என்று கொட்டை எழுத்தில் அடித்துத் தூதரகக் கவுண்டரில் நீட்டினேன். பேருந்துப் பலகை மாதிரி இருக்கிறது என்று செல்வி வழியெல்லாம் முணுமுணுத்தாள். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஸ்பெயினில் இப்படித்தான் வைக்கிறார்கள் என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். “சார், ஊரை ஏழாவது கட்டத்துல எழுதணும். இங்க அப்பா பேரைப் போடுங்க. குழந்தைக்கு அப்பா இருக்காரில்லையா?”

நெஸ்டரின் கேள்வி

நிலா முருகேசன் என்று பாஸ்போர்ட் வந்தது. சபதம் தோற்ற எரிச்சலில் அதை நெஸ்டரின் மேசையில் போட்டேன். அவன் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் ஊரில் ஒரு பெண். அவள் பிறந்தபோது இவன் இங்கே டூட்டியில் இருந்தான். இரண்டு வயதாகிறது, இன்னும் நேரில் பார்த்ததில்லை. அவளும் வில்லனுவேவாதான், மூன்று கட்டமும் நிறைந்தவள்தான். பாஸ்போர்ட்டை மூடி என் கையில் கொடுத்தபோது அவன் முகத்தில் இருந்ததை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான் அது. “உன் பொண்ணை யார் கூப்பிட்டாலும் கூடவே உன்னையும் கூப்பிடறாங்க. என் பொண்ணைக் கூப்பிட்டா, அதுல நான் எங்கே இருக்கேன்?”

வெளியே கான் பாய் ஹாரன் அடித்து, சின்னசாமி, சின்னசாமி என்று கத்தினார். முதல் தடவையாகத் திருத்தாமல் எழுந்து போனேன்.

இத்தனை வருஷம் ஊரார் பெயரைப் பார்த்து வெந்ததற்குக் கூலியாக ஒரே ஒருவன் ஒரே ஒரு நாள் என் பெயரைப் பார்த்துப் பொறாமைப்பட்டான், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும்தான் இருக்கிறது.