வகிடு மட்டும் தெரிந்த வருஷம்

ஒரு வருஷம் முழுக்க எங்கள் ஊரிலேயே அடக்கமான பெண் நான்தான். விராலிமலைக்குப் பக்கத்து ஊர். வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியம்மா என்னைக் காட்டி, "நிமிந்து ஒருத்தரப் பாக்குதான்னு பாருங்க. பொண்ணுன்னா இப்புடி இருக்கணும்" என்பார். தலை குனிந்திருந்தது உண்மைதான். ஆனால் அது அடக்கமா என்ன? அப்பா சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய, பெரிய போன் மாதிரியான டேப் செய்த வேலை. காலையில் மடியில் வைத்தால் படுக்கும்வரை இறக்க மாட்டேன். அது கையில் இல்லாத நேரத்திலும் பழக்கதோஷத்தில் கழுத்து அப்படியே தொங்கியது.

சாயங்காலம் அப்பா வீடியோ காலில் வருவார். அம்மா தன் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துப் பேசுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பில் விளையாடிக்கொண்டே "ம்", "சாப்ட்டேன்" என்று பதில் சொல்லுவேன். "ஒம் மக வகிடு நல்லா நேரா இருக்கு" என்பார் அப்பா. நான் தலை வாரியிருக்கும் அழகைப் பாராட்டுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நான் முதன்முதலாக முளைப்பாரி எடுப்பதாக இருந்தது. மண்சட்டியில் பயறும் சோளமும் விதைத்து, இருட்டறையில் வளர்த்து, நாற்றோடு தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். பட்டுப்பாவாடை தைத்தாயிற்று, விதையும் போட்டாயிற்று. மறுநாள் காலையில் எழுந்தால் கழுத்து திரும்பவில்லை! நிமிர்ந்தால் பிடரியிலிருந்து தோள்வரை சுண்டி இழுத்தது. கட்டைவிரலை மடக்கவும் முடியவில்லை.

"கழுத்தே நிக்காதவ எப்புடிடி முளைப்பாரி தூக்குவ? கீழ போட்டியன்னா ஊருக்கே ஆகாது. சித்தி மக எடுக்கட்டும்" என்றார் அம்மா. நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே என் பட்டுப்பாவாடையைச் சித்தி மகளுக்கு வைத்து அளவு பார்த்தார்கள்.

"சுளுக்குத்தானக்கா, நா எதுக்கு இருக்கேன்?" என்று அம்மாவின் தம்பி வந்தார், என் மாமா. பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் காலால் லேசாக உதைத்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஊரில் அப்படிப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் பகலெல்லாம் செல்போன் ரிப்பேர் கடை, காலையிலும் மாலையிலும் உதை.

என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். தூக்கிய கால் இறங்கவில்லை.

"ஆத்தாடி! அக்கா, புடிச்சுக்கிருச்சுக்கா!"

நாள் முழுக்கப் போனுக்குள் தலையை விட்டிருக்கிற மனிதருக்குக் கழுத்தும் இடுப்பும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. இப்போது அவரை யார் உதைப்பது? ஊரில்தான் வேறு ஆளே இல்லையே! நான் வலியோடு வலியாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டார்.

மாமாவும் நானும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா இருவர் கழுத்தையும் அமுக்கிப் பார்த்தார். "சுளுக்குமில்ல, ஒண்ணுமில்ல. எந்நேரமும் குனிஞ்சே கெடந்தா கழுத்து என்னங்க பண்ணும்? போனக் கண்ணுக்கு நேராத் தூக்கிப் புடிங்க" என்றார். டேப் பீரோவுக்குள் போனது. தினமும் இருவரும் சுவரில் முதுகை ஒட்டி நின்று தாடையை உள்ளே இழுத்தோம். "நிமிருங்க மாமா" என்று நான் அதட்டுவேன். "மொதல்ல நீ நிமிருடி" என்பார் அவர். இருட்டறையில் நாற்று நிமிர நிமிர என் கழுத்தும் நிமிர்ந்தது. காலிச் சட்டியைத் தலையில் வைத்து வீட்டுக்குள் நடந்து காட்டிய அன்று, அம்மா பட்டுப்பாவாடையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

திருவிழா அன்று மேளமும் குலவையும் ஊரையே தூக்கின. சும்மாட்டின் மேல் சட்டியை ஏற்றினார்கள். வலியே இல்லை! தலைக்கு மேலே நாற்று ஆட, மகாராணி கணக்காய் நடந்தேன். அம்மா எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துவந்தார். டாக்டரம்மா சொன்னபடி போனை என் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தார். அதில் அப்பா. சட்டி தலையில் இருக்கும்போது குனிய முடியாதே, அதனால் திரையை நேராகப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன்.

"அப்பா, பாருங்க, நானே தூக்கிட்டு வாரேன்!"

அப்பா அசையவே இல்லை. என் முகத்தையே பார்த்தபடி அப்படியே இருந்தார்.

"ம்மா, ஸ்டக் ஆயிருச்சும்மா!"

"ஆமாடி, சிக்னல் இல்ல. நீ இங்கிட்டே பாத்து நட" என்றார் அம்மா. போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

நல்ல நேரம் பார்த்துச் சொதப்பிவிட்டதே என்று சிக்னலைத் திட்டிக்கொண்டே நடந்தேன். திரையில் அப்பாவின் தலைக்குப் பின்னால் ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்டக் ஆன படத்தில் ஃபேன் எப்படிச் சுற்றும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.