ஓரெஸ்ட் பிரிஸ்டுபா நிமிர்ந்து பார்த்த படம்

ஓரெஸ்ட் பிரிஸ்டுபா தண்ணீர் விட்ட ஐஸில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். கனடாவில் கலினா என்ற ஊரில் முப்பத்தோரு வருஷமாக ஐஸ் ஹாக்கி அரங்கத்துத் தரையைப் பார்த்துக்கொள்கிற அந்த மனிதர், ஒரு தடவைகூட லீவு விட்டதில்லை. சவரம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. லீவு விஷயமும் கூட்டிச் சொன்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை விட்டார். அதை அவரே சொல்வார். அதுவும் ஒரு போட்டோக்காரியால் வந்தது.

லீவு என்றால் வேலைக்குப் போகாத நாள் இல்லை. ஆட்டத்தின் இடைவேளையில், கீறிக் குதறிய ஐஸைச் சீவிவிட்டுச் சுடுதண்ணீர் பரப்பிக்கொண்டு ஒரு வண்டி சுற்றி வரும். முந்தின சுற்றின் ஈர ஓரத்தின்மேல் அடுத்த சுற்று நாலு விரல் ஏறிப் போகவேண்டும். ஏறாவிட்டால் நடுவே ஒரு காய்ந்த பட்டை மங்கலாக நிற்கும். அதற்குத்தான் லீவு என்று பெயர். பக்கத்து ஊர் டோலனில் வெர்ன் என்பவர் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவு விட்டார். சொந்த ஊர்ப் பையன் ஒருவன் அதில் தடுக்கி, கோலுக்கு நேரெதிரே குப்புற விழுந்தான். ஆட்டம் போயிற்று. அன்றிலிருந்து அவர் லீவு வெர்ன். அவர் வீட்டு நாய் தெருவில் போனால்கூட ‘லீவு வீட்டு நாய்’ என்கிறார்கள்.

அதனால் ஓரெஸ்ட் வண்டியில் ஏறினால் தலை நிமிர மாட்டார். கண் வலது பக்கத்து ஈரக்கோட்டிலேயே குத்திட்டு நிற்கும். பழக்கம் முற்றிப்போய், கீழே இறங்கினாலும் அதே குனிவுதான். கல்யாணப் படத்தில்கூட அவர் சர்ச் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். யாரோ தண்ணீர் சிந்தியிருந்தார்கள் என்பது அவர் கட்சி.

லெனோர் தீசன் வின்னிபெக் நகரத்திலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவள். ஆட்களை அவரவர் வேலை செய்கிற இடத்திலேயே வைத்து எடுப்பது அவள் வழக்கம். தேனீ வளர்க்கிற அம்மாளைக் கூட்டுக்கு நடுவிலும், முடிவெட்டுகிறவரைத் தரையில் கிடந்த மயிருக்கு நடுவிலும் எடுத்திருந்தாள். ஓரெஸ்டை எடுக்கச் சனிக்கிழமை வந்தாள். அவர் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சாவு வீட்டுக்குப் போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். நாற்பது படம். நாற்பதிலும் பார்வை காலடியில்.

அன்று மாலை பத்திரிகையிலிருந்து போன் வந்தது. ஆசிரியர் சுருக்கமாகச் சொன்னாராம்: கண் தெரியணும், அவர் அவர் இடத்தில் இருக்கணும், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குள் வந்து சேரணும். இல்லையென்றால் அந்தப் பக்கம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஞாயிறு மத்தியானம் வட்டார இறுதி ஆட்டம். எதிரணி வேறு யாருமில்லை, டோலன். மூன்று பகுதியில் இரண்டாவது முடியப்போகிறது, மூன்றுக்கு மூன்று. இடைவேளை தொடங்க இன்னும் ஒரு நிமிஷம் இருக்கையில் லெனோர் தன் யோசனையைச் சொன்னாள். வண்டியின் முன்பக்கம், சீவிய ஐஸ்தூள் விழுகிற பெட்டி மூடியின்மேல் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து வருவாளாம்.

"வண்டி மேலயா? நீ என்ன பொட்டலமா, ஏத்திக் கட்டறதுக்கு?" என்றார் ஓரெஸ்ட்.

"கட்டிக்கத்தான் போறேன். கயிறு கொண்டாந்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரே வண்டியில போனா நீங்க எனக்கு அசையாம இருப்பீங்க. சுத்தியிருக்கிற கூட்டம் மட்டும் கரைஞ்ச மாதிரி ஓடும்."

"எனக்கு முன்னால மறைக்குமேம்மா."

"நீங்க எங்க முன்னால பாக்கறீங்க?"

அரங்கத்து உணவுக் கடையில் கொழுக்கட்டை மாதிரியான பிரோகியை வறுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, அவர் மனைவி, கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏத்திக்கய்யா. இருபத்தெட்டு வருஷமா உன் உச்சந்தலையோடதான் குடும்பம் நடத்தறேன். மூஞ்சி எப்படியிருக்கும்னு படத்துலயாவது பாக்கறேன்."

"இன்னிக்கு லீவு விட்டேன்னா, ஊரே எனக்கு வேற பேரு வெச்சிரும்."

"நான் ஏற்கனவே நாலஞ்சு வெச்சிருக்கேன். அதோட இதுவும் இருந்துட்டுப் போகுது."

சங்கு ஊதியது. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். கடிகாரம் பத்து நிமிஷத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. லெனோர் மூடிமேல் ஏறிக் கயிற்றை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். குளிரில் காமிராவின் ஒரு பேட்டரி செத்துப்போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்றை அக்குளிலிருந்து எடுத்துப் போட்டாள். வண்டி உறுமிக்கொண்டு இறங்கியது.

டோலன்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி அவர்கள் பக்கம் வந்ததும் கோரஸாக, "லீவு குடு, லீவு குடு" என்று பெஞ்சைத் தட்டினார்கள். ஓரெஸ்ட் காதில் வாங்கவில்லை. அவர் கவலையெல்லாம் மூடிமேல் உட்கார்ந்திருந்தது. முதல் மூலையில் அவள் தோள் மறைத்ததில் அரை நொடி தாமதமாகத் திரும்பினார். வண்டி தடுப்புப் பலகையை உரசியது.

"இடது பக்கம் சாஞ்சுக்கம்மா."

சாய்ந்தாள். காமிரா சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து.

"தொப்பி விளிம்புதான் வருது," என்றாள். "ஒரே ஒரு தடவை நிமிருங்க."

"ஆகாது."

"ரெண்டே நொடி."

"ரெண்டு நொடியில வண்டி இருபது அடி போயிரும். அந்த இருபது அடிக்கு யாரு பொறுப்பு, உங்க பத்திரிகையா?"

ஆறு நிமிஷம். ஐந்து. ஈரக்கோடு அவர் கண்ணுக்குக் கீழே நூல் பிடித்த மாதிரி ஓடியது. அவளுடைய மூச்சு ஆவியாக அவர் மூக்குவரை வந்தது. காமிராவின் மேல்பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி விட்டுவிட்டு எரிந்ததை ஓரக்கண்ணில் பார்த்தார். பேட்டரி போகிறது போலிருக்கிறது, நல்லது, போகட்டும் என்று நினைத்துக்கொண்டார். காமிரா சத்தம் நின்றுவிட்டது.

இன்னும் இரண்டே சுற்று. மூன்று நிமிஷம்.

அப்போது லெனோர், அவர் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்தபடி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஓரெஸ்ட். உங்க பின்னாடி லீவு."

விளையாடுகிறாளா என்று பார்க்கத் தலையை நிமிர்த்தினார். அவள் முகம் இருந்த இடத்தில் காமிரா இருந்தது. ஒரே ஒரு சத்தம். அதோடு சிவப்புப் புள்ளியும் அணைந்தது.

"எங்க?"

"டோலன் பெஞ்சுக்கு எதிர. ஒரு கை அகலம்."

திரும்பிப் பார்த்தால் வண்டி கோணும். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மறுபடி கோட்டில் நட்டு, மிச்ச இரண்டு சுற்றையும் முடித்தார். அதன்பின் வெளியே போகவேண்டிய வண்டியை மறுபடி உள்ளே வளைத்தார். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்திருந்தது. ஆட்டக்காரர்கள் வாசலில் வந்து நின்று மட்டையால் பலகையைத் தட்டினார்கள். நடுவர் மணிக்கட்டைப் பார்த்தார். டோலன் பக்கத்திலிருந்து ஒருவன், "அடேய், நம்ம வெர்னுக்குப் பங்காளி கிடைச்சிட்டான்டா," என்றான். சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது.

அந்த இடத்துக்கு வந்தார். ஐஸிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. காய்ந்த பட்டை எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்துத் தண்ணீர் ஓடி மூடியிருக்கும் என்று முடிவு செய்துகொண்டு, இருந்தாலும் மெல்லிசாக ஒரு தடவை தண்ணீர் பரப்பிவிட்டு வெளியேறினார். ஒரு நிமிஷம் நாற்பது நொடி தாமதம். நடுவர் கையுறையைக் கழற்றி, தண்ணீர் உறைந்துவிட்டதா என்று உள்ளங்கையை ஐஸில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகுதான் விசில் கேட்டது.

கலினா நாலுக்கு மூன்றில் தோற்றது. ஆனால் யாரும் விழவில்லை. ஓரெஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

படம் ஏப்ரல் இதழில் முழுப் பக்கமாக வந்தது. இரண்டு பக்கமும் கூட்டம் சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து ஓட, நடுவில் ஓரெஸ்ட் மட்டும் அச்சடித்தாற்போல் நிற்கிறார். தொப்பி விளிம்பில் ஒரு சொட்டு. அதற்குக் கீழே அகல விரிந்த இரண்டு நீலக் கண்கள். தன் வீட்டு வாசலில் வேறொருவன் பெயர்ப் பலகையைக் கண்டவன் இப்படித்தான் பார்ப்பான். நீலம் என்பது ஊரில் பாதிப்பேருக்கு அன்றுதான் தெரியும். ஸ்டெல்லா அதைச் சட்டம் போட்டுக் கடைக்குள் மாட்டினாள். பிரோகி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் ஓரெஸ்ட், "அந்தப் பொண்ணு கவனிச்சுச் சொல்லலைன்னா நானும் லீவு ஓரெஸ்ட்தான்," என்பார். கிறிஸ்துமஸ் வந்தால் அவளுக்கு ஊறப்போட்ட பீட்ரூட் ஒரு பாட்டில் வின்னிபெக்குக்குப் போகும்.

இதுவரை எழுதியதை நான் கடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியபோது, ஸ்டெல்லா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரெஸ்ட் வண்டிக் கொட்டகையில்தான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.

"ஒரு தடவை விட்டார்னு எழுதியிருக்கே, அதை அடிச்சிடு," என்றாள். "படத்துல அவர் மூஞ்சியையே எல்லாரும் பாக்கறீங்க. முதுகுக்குப் பின்னாடி பாரு. டோலன் பெஞ்சு வரைக்கும் ஐஸ் தெரியுது, ஒரு விரல் அகலம் காஞ்சிருக்கா? இவரை நிமிர வைக்கறதுக்கு அவ விட்ட புளுகு அது. லீவே இல்ல."