மனிதக் கை படாமல்

எண்பதுகளில் வில்லியனூரில் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டார்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. நான் படித்துவிட்டு வந்து, மோட்டார் எரியாமல் இருக்க ஒரு பெட்டி செய்தேன். அப்பா அதை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் காயில் கட்டப் போனார்.

பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் சிப். கரண்டின் மூன்று பேஸில் ஒன்று போனாலும் மோட்டார் எரியும்; போனதும் பெட்டி அதை நிறுத்தும். கரண்ட் சீரானதும் திரும்ப ஓட்டும். காப்புரிமை கேட்டேன். மோட்டாரை நிறுத்தும் பழைய ரிலே செய்வதுதானே இது என்று மறுத்துவிட்டார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் மேல்முறையீடு போட்டேன். ஜெயித்தால் பெட்டியைத் தயாரிக்க ஒரு கம்பெனி காத்திருந்தது. தோற்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காயில் கட்ட வேண்டியதுதான்.

வழக்கு முழுக்க என் மனுவில் இருந்த ஒரே வாக்கியம்: “பழுது நேர்ந்தால், மனிதக் கை படாமல் மோட்டாரை நிறுத்தி, காரணம் அறிந்து, தானே மீண்டும் இயக்கும் கருவி.” எதிர்த்தரப்பு ‘நிறுத்தி’யோடு நின்றுகொண்டது. எங்கள் வக்கீல் ‘காரணம் அறிந்து’ என்பதைப் பிடித்துக்கொண்டார். ரிலேவுக்குக் காரணம் தெரியாது, இதற்குத் தெரியும், அதுதான் கண்டுபிடிப்பு என்றார். அரைநாள் அதையே பிசைந்தார்கள். நீதிபதி எங்கள் பக்கம் சாய்வதுபோல்தான் இருந்தது. பெட்டி வயலில் ஓடிக் காட்டியதா என்று மட்டும் கேட்டார்.

அதற்குத்தான் அபிஷேகப்பாக்கத்து மாமாவை அழைத்துப் போயிருந்தேன். உறவில்லை, கடை வாடிக்கை. அவர் கரும்புக் கொல்லை மோட்டாரில்தான் பெட்டியை மாட்டியிருந்தேன்.

“பழுது வந்தப்ப பெட்டி என்ன செஞ்சுது?” என்றார் வக்கீல்.

“பழுதே வரலிங்க.”

“ஒரு பேஸ் போனதே இல்லையா?”

“அது தெனமும் போவும். அது இன்னா பழுது?”

“போனப்ப நிறுத்திச்சா?”

“நிறுத்திக்கினே இருந்துச்சி. கரும்புக்குத் தண்ணி வேணாமா? பெட்டியத் தொறந்து குச்சி சொருவி வெச்சிட்டேன். அப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல. நல்ல பெட்டிங்க.”

எங்கள் பக்கம் மோட்டார் நிற்காமலிருக்க ஸ்டார்ட்டரில் குச்சி சொருகாத கொல்லை கிடையாது. பெட்டிக்கும் சொருகுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு படிப்பு.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “மனிதக் கை படாமல் என்று எழுதியிருக்கிறீர்கள்” என்றார். மேல்முறையீடு தள்ளுபடி.

திரும்பும் பஸ்ஸில் மாமாவுக்கும் நானே டிக்கெட் எடுத்தேன். அவர் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த மாதம் அவர் மோட்டார் கருகிப்போய் மாட்டு வண்டியில் கடைக்கு வந்தது. அப்பா எரிந்த காயிலை உருவ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏம்பா, எரியவே எரியாதுன்னியே. உன் பெட்டி இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி?” என்றார் மாமா.

“குச்சி?” என்றேன்.

“அது பத்திரமா இருக்குபா.”